வாய் வறண்டு, ருசி போன நோயாளிக்கு வீட்டார் செய்ய வேண்டியது

 

நம் கரிவலம்வந்தநல்லூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால், திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை, திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்று ஏதாவது ஓரிடத்துக்கு அழைத்துப் போகிறோம். பஸ் செலவு, மருந்துச் செலவு, காப்பீட்டு அட்டை, துணைக்கு ஆள் என்று எல்லாவற்றுக்கும் ஓடுகிறோம். ஆனால் சிகிச்சை தொடங்கிச் சில வாரங்களில் நோயாளி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைக்கும்போது நமக்கு விளங்குவதில்லை. "பிடிவாதம்", "மனசு விட்டுட்டார்" என்கிறோம். ஆசையாகச் சமைத்துப் போட்ட மனைவியோ மகளோ கண் கலங்குகிறார்கள்.

பெரும்பாலும் அது பிடிவாதம் இல்லை. அவருடைய வாயில் எச்சில் வற்றிப்போயிருக்கிறது, நாக்கில் ருசி போயிருக்கிறது. சோறு அவருக்கு மண்ணைப் போலவும், கறி இரும்பைப் போலவும் இருக்கிறது. இதைக் கட்டாயப்படுத்திச் சரிசெய்ய முடியாது. வாயைப் பராமரிப்பதையும் சமைக்கும் விதத்தையும் மாற்றினால், சாப்பாடு பெருமளவு உள்ளே போகும். இந்தப் பாடம் அதைப் பற்றியது.

எச்சில் ஏன் வற்றுகிறது?

நம் வாயில் ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது. காதுக்கு முன்னால் இரண்டு, கீழ்த் தாடைக்கு அடியில் இரண்டு, நாக்குக்கு அடியில் இரண்டு என்று மூன்று ஜோடிப் பெரிய சுரப்பிகள் இருக்கின்றன. சோற்றைக் குழைத்து விழுங்க வைப்பதும், பல்லைச் சொத்தையாகாமல் காப்பதும், வாயில் கிருமி பெருகாமல் தடுப்பதும், உணவின் ருசியைக் கரைத்து நாக்குக்குச் சேர்ப்பதும் இந்த எச்சில்தான். அல்லாஹ் தந்த இந்த நிஃமத்தின் அருமை, அது இல்லாதபோதுதான் தெரிகிறது.

வாய், தொண்டை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு (கரண்ட் வைப்பது என்று நம் ஊரில் சொல்வது) கொடுக்கும்போது, அந்தக் கதிர் சுரப்பிகள் மேலும் படுகிறது. சிகிச்சை பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாள் வீதம் 6 அல்லது 7 வாரம் நடக்கும். முதல் ஓரிரு வாரத்திலேயே எச்சில் குறைந்து, பசை போல் கெட்டியாகிவிடும். சிலருக்குச் சிகிச்சை முடிந்து பல மாதங்கள் கழித்து ஓரளவு திரும்பும். சிலருக்கு வறட்சி நிலைத்தும் விடும். முன்பிருந்த கருவிகளில் இரண்டு பக்கச் சுரப்பிகளும் முழுதாகக் கதிரில் அகப்பட்டன. இப்போது கதிரின் அளவை இடத்துக்கு இடம் கூட்டிக் குறைத்து, காதோரச் சுரப்பியை முடிந்தவரை ஒதுக்கிக் கொடுக்கும் முறை வந்திருக்கிறது. சிகிச்சை தொடங்கும் முன்பே, "எச்சில் சுரப்பியைக் காப்பாற்றிக் கொடுக்க முடியுமா?" என்று மருத்துவரிடம் கேட்பது நம் உரிமை. நோய் இருக்கும் இடத்தைப் பொறுத்து அவர் பதில் சொல்வார்.

கீமோ என்னும் மருந்துச் சிகிச்சையிலும் வாய் வறளும். ஆனால் அது பெரும்பாலும் சிகிச்சை முடிந்தபின் சரியாகிவிடும். வலிக்குத் தரும் மார்ஃபின், வாந்தியை நிறுத்தும் சில மாத்திரைகள், மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகள், சளிக்கு நாமாகக் கடையில் வாங்கும் மாத்திரை ஆகியவையும் வாயை உலர்த்தும். மருத்துவர் எழுதியதை நாமாக நிறுத்தக் கூடாது. கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையை நாமாகச் சேர்க்கவும் கூடாது.

ருசி ஏன் போகிறது?

நாக்கில் உள்ள சுவை மொட்டுகள் ஏறக்குறைய பத்து நாளுக்கு ஒருமுறை புதிதாக முளைக்கும் உயிரணுக்களால் ஆனவை. வேகமாக வளரும் உயிரணுவைத் தாக்குவதுதான் கீமோவின் வேலை. அதனால் நோயோடு சேர்ந்து இவையும் அடிபடுகின்றன. கதிரும் இவற்றைச் சிதைக்கிறது. எச்சில் இல்லாததால், மிச்சமிருக்கும் மொட்டுக்கும் ருசி போய்ச் சேருவதில்லை. சிலருக்கு எல்லாமே சப்பென்று இருக்கும். சிலருக்கு வாயில் எப்போதும் இரும்பு நெடி. சிலருக்கு இனிப்பு மட்டும் திகட்டும். கீமோவால் போன ருசி, சிகிச்சை முடிந்து சில வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பும். கழுத்துக் கதிரால் போனது திரும்ப அதைவிடக் கூடுதல் காலம் ஆகலாம். சிலருக்கு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். "கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பும், இன்ஷா அல்லாஹ்" என்று நோயாளியிடம் சொல்லி வையுங்கள். இது சிகிச்சையால் வந்தது என்று தெரிந்தாலே, நோய் முற்றிவிட்டதோ என்ற பயம் பாதி குறையும்.

இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட முடியாது. சாப்பிடாமல் எடை குறைந்தால் உடல் சிகிச்சையைத் தாங்காது. கதிர்வீச்சை நடுவில் நிறுத்த வேண்டி வரும். தலை, கழுத்துப் புற்றுநோயில் இடையில் நாட்கள் விட்டுப்போனால் சிகிச்சையின் பலன் குறையும். எனவே ஒரு கிண்ணம் கஞ்சி உள்ளே போவதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான்.

ஐந்து வேளையோடு சேர்த்து வாய்ப் பராமரிப்பு

வாய் வறண்டவர் ஒரு நாளைக்கு நான்கு முதல் ஆறு தடவையாவது வாய் கொப்பளிக்க வேண்டும். நமக்கு இதை நினைவு வைக்கத் தனியாக ஒரு கணக்கு தேவையில்லை. ஐந்து வேளைத் தொழுகைக்கு உளூச் செய்யும் நேரத்தோடு சேர்த்துவிட்டால் போதும்.

கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு டம்ளர், அதில் கால் டீஸ்பூன் ஆப்பச் சோடா, அதில் பாதி அளவு உப்பு. இதுதான் கொப்பளிக்கும் தண்ணீர். ஒவ்வொரு வக்துக்கும் முன்னால் இதை வாயில் மெதுவாகச் சுழற்றித் துப்பிவிட வேண்டும்; விழுங்கக் கூடாது. கெட்டிச் சளி போல் ஒட்டியிருக்கும் எச்சில் இதில் கரைந்து வரும். அதன்பின் சுத்தத் தண்ணீரில் உளூச் செய்யலாம். சாப்பிட்ட பிறகும் ஒருமுறை கொப்பளிப்பது நல்லது. தண்ணீரைத் தினமும் புதிதாகக் கலக்குங்கள்.

வாயில் புண் அதிகமாக இருந்தால் உளூவில் வாய் கொப்பளிப்பதை மிக மெதுவாகச் செய்யலாம். ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளிலும் உளூவில் அது சுன்னத்தே. குளிப்பு கடமையானபோது ஹனஃபீ மத்ஹபில் அது ஃபர்ளு என்பதால், கஷ்டம் இருந்தால் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கதிர் படும் கழுத்து, கன்னத்துத் தோலில் தண்ணீரை மெல்ல ஊற்றினால் போதும், தேய்க்கக் கூடாது.

கடையில் விற்கும் காரமான மவுத்வாஷ் வேண்டாம். அதில் ஆல்கஹால் கலந்திருந்தால் வாய் இன்னும் வறளும், புண்ணும் எரியும்.

மிஸ்வாக் செய்வது சிறந்த சுன்னத். ஆனால் காய்ந்து விறைத்த குச்சி, சிகிச்சையில் மெலிந்த ஈறைக் கிழித்துவிடும். வாய்ப்புண் ஆறும்வரை குழந்தைகளுக்கு விற்கும் மிருதுவான பிரஷும் ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட்டும் போதும். புண் ஆறியபின், மருத்துவர் சரி என்றால், ஊறவைத்து மென்மையாக்கிய மிஸ்வாக்கைப் பயன்படுத்தலாம். கரி, செங்கல் பொடி, மூக்குப்பொடி கொண்டு பல் தேய்க்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட வேண்டும். மூக்குப்பொடி புகையிலைதான்.

எச்சில் இல்லாத வாயில் பல் மிக வேகமாகச் சொத்தையாகும். ஆகவே கழுத்துக் கதிர் தொடங்கும் முன்பே பல் மருத்துவரிடம் காட்டி, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கி, புண் ஆறிய பின்பே கதிருக்குப் போக வேண்டும். கதிர் முடிந்து எத்தனை ஆண்டு ஆனாலும், பல் பிடுங்கப் போனால் "எனக்குக் கதிர்வீச்சு கொடுத்திருக்கிறார்கள்" என்று முதலிலேயே சொல்ல வேண்டும். கதிர் பட்ட தாடை எலும்பு எளிதில் ஆறாது; தெரியாமல் பிடுங்கினால் எலும்பே அழுகும் ஆபத்து உண்டு.

தண்ணீரும் காற்றும்

ஒரே மூச்சில் சொம்புத் தண்ணீரைக் குடிப்பதைவிட, பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு மடக்கு என்று குடிப்பதே வாயை ஈரமாக வைக்கும். இருதய நோயோ சிறுநீரக நோயோ இருந்தால் மொத்த அளவை மருத்துவரிடம் கேளுங்கள். மருத்துவமனைக்குச் சங்கரன்கோவில் வழியாகப் பஸ்ஸில் போகும்போது, வெயிலிலும் ஜன்னல் காற்றிலும் வாய் இரட்டிப்பாக வறளும். கையில் தண்ணீர் பாட்டில் கட்டாயம் வேண்டும்.

ஓதும்போது நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். குர்ஆன் ஓத உட்காரும் இடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கட்டும். தக்பீர் கட்டும் முன் ஒரு மடக்கு குடித்துக்கொள்ளட்டும். வாய் வறண்டால் வாடை வரும். அதற்கு வெட்கப்பட்டே சிலர் ஜமாஅத்துக்கு வராமல் ஒதுங்குகிறார்கள். தொழுகைக்கு முன் கொப்பளித்தால் அது குறையும். பக்கத்தில் நிற்பவர்களும் முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும்.

இளநீர், மோர், நுங்கு, பார்லித் தண்ணீர் எல்லாம் நல்லவை. சர்க்கரை நோய் இருந்தால் சர்பத்தும் பழச்சாறும் அளவோடு. இனிப்பு எதைக் குடித்தாலும் பின்னால் வெறும் தண்ணீரில் வாயைக் கழுவ வேண்டும். காபி, டீயைக் குறைக்கலாம். சர்க்கரை இல்லாத சூயிங்கம்மை மென்றால் மிச்சமிருக்கும் சுரப்பி கொஞ்சம் வேலை செய்யும். "எச்சில் ஊறும்" என்று வெற்றிலை பாக்கு போடக் கூடாது. புகையிலை இல்லாத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2003-லேயே முடிவு சொல்லிவிட்டது. இந்தியாவில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். சிகிச்சை முடிந்தவர் திரும்பவும் பாக்கைத் தொடக் கூடாது; வீட்டில் மற்றவர்களும் அவர் முன்னால் போடக் கூடாது.

இரவில் படுக்கைக்குப் பக்கத்தில் தண்ணீர் வைக்க வேண்டும். ஃபேன் காற்று நேராக முகத்தில் அடிக்கக் கூடாது. பல் செட் இருந்தால் கழற்றிச் சுத்தம் செய்து தண்ணீரில் போட வேண்டும். உதட்டில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவலாம். கதிருக்குப் போவதற்குச் சற்று முன் மட்டும் எதுவும் தடவாதீர்கள்.

இவ்வளவு செய்தும் தாங்கவில்லை என்றால் எச்சிலுக்கு மாற்றான ஜெல், ஸ்பிரே உண்டு. எச்சிலைச் சுரக்கவைக்கும் பைலோகார்பின் மாத்திரையும் உண்டு. ஆஸ்துமாவோ கண் அழுத்த நோயோ உள்ளவருக்கு அது ஆகாமல் போகலாம். எனவே மருத்துவர் எழுதினால் மட்டுமே.

அடுப்பங்கரையில் செய்ய வேண்டிய மாற்றம்

சமைப்பவர் தன் நாக்கை வைத்து ருசி பார்த்தால் பயனில்லை. நோயாளிக்கு இன்று எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று கேட்டுச் சமைக்க வேண்டும். நேற்றுப் பிடித்தது இன்று பிடிக்காமல் போகலாம். அதற்குக் கோபப்படக் கூடாது.

எல்லாம் சப்பென்று இருக்கிறது என்பவருக்கு, வாயில் புண் இல்லாவிட்டால், எலுமிச்சை நல்ல மருந்து. பக்கத்துப் புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர் போன ஊர். நமக்கு அதற்குப் பஞ்சமில்லை. ரசத்திலும் பருப்பிலும் சில சொட்டுப் பிழியலாம். கொத்தமல்லி, புதினா, சீரகம், இஞ்சியின் வாசனை, நாக்கு விட்ட குறையை மூக்கால் ஈடுகட்டும். ருசி தெரியவில்லை என்று உப்பை அள்ளிப் போடாதீர்கள். ரத்த அழுத்தம் ஏறும். புண் இருந்தால் எலுமிச்சை, புளி, தக்காளி, மிளகாய், மிளகு எதுவும் வேண்டாம்.

இரும்பு நெடி அடிக்கிறது என்பவருக்குக் கண்ணாடி அல்லது பீங்கான் தட்டும் மரக்கரண்டியும் கொடுங்கள். ஆட்டுக்கறிதான் பெரும்பாலும் முதலில் வெறுக்கும். அதைத் திணிக்காமல் முட்டை, பால், தயிர், பாசிப்பருப்பு, முள் நீக்கிய மீன் என்று மாற்றுங்கள். கோழியைத் தயிரில் ஊறவைத்து மசிய வேகவைத்தால் சிலருக்கு ஒத்துக்கொள்ளும்.

குமட்டுகிறது என்பவருக்குச் சூடாக ஆவி பறக்கக் கொடுக்காமல் ஆறவைத்துக் கொடுங்கள். வாடை குறையும். தாளிக்கும் நேரத்தில் அவரை வெளியே காற்றாட உட்கார வையுங்கள்.

வறண்ட வாய்க்கு ஈரமான சாப்பாடே இறங்கும். முறுக்கு, ரஸ்க், வறுவல், காய்ந்த சப்பாத்தி ஆகியவை தொண்டையில் நிற்கும். இடியாப்பத்தைத் தேங்காய்ப் பாலில் ஊறவைத்து, இட்லியைப் பாலிலோ நீர்த்த சாம்பாரிலோ பிசைந்து, சோற்றைப் பருப்பும் நெய்யும் விட்டுக் குழைத்துக் கொடுக்கலாம். நம் வீடுகளில் எல்லோருக்கும் கைவந்த நோன்புக் கஞ்சியே இதற்குச் சரியான உணவு. பச்சை மிளகாயும் கரம் மசாலாவும் இல்லாமல், பாசிப்பருப்பைக் கூட்டி, தேங்காய்ப் பால் விட்டு, இறக்கும் முன் ஒரு முட்டையை அடித்து ஊற்றி நன்றாக வேகவைத்தால் மாவும் புரதமும் கொழுப்பும் ஒரே கிண்ணத்தில் கிடைக்கும். ஆயிஷா (ரலி) அவர்கள் நோயாளிக்கும் துக்கத்தில் இருப்பவருக்கும் தல்பீனா என்னும் கஞ்சியைக் கொடுக்கச் சொன்னதாகப் புகாரியில் பதிவாகியிருக்கிறது. அது வாற்கோதுமை மாவுக் கஞ்சி. பார்லி நம் கடைகளிலும் கிடைக்கிறது. பால் விட்டுக் காய்ச்சலாம்.

மூன்று வேளை வயிறு நிறைய என்பதை விட்டு, ஆறு வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். காலையில் பலருக்கு நன்றாக இறங்கும்; அப்போது சத்தானதைக் கொடுத்துவிட வேண்டும்.

தேன், கருஞ்சீரகம், ஜம்ஜம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஜம்ஜம் தண்ணீரைத் தாராளமாக மடக்கு மடக்காகக் குடிக்கலாம். தேன் பல்லில் ஒட்டும். குடித்தபின் வாய் கழுவ வேண்டும். கருஞ்சீரக எண்ணெயோ வேறு மூலிகை மருந்தோ கொடுப்பதென்றால், முதலில் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். சில பொருட்கள் கீமோ மருந்தின் வேலையை மாற்றிவிடும். மறைத்துக் கொடுப்பதுதான் ஆபத்து.

நோன்பும் நோயாளியும்

ரமலானில் கதிர்வீச்சு நடக்கும்போதும் "நோன்பை விட மாட்டேன்" என்று சில பெரியவர்கள் நிற்பதுண்டு. அவர்கள் ஈமானை மதிக்கிறோம். ஆனால் எச்சில் இல்லாத வாய்க்குப் பகல் முழுக்கத் தண்ணீர் இல்லை என்றால் புண் பெருகும், உடல் நீர் வற்றும், சிகிச்சை தடைப்படும். சூரத்துல் பகராவின் 184, 185-ஆம் வசனங்களில் நோயாளிக்கு அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான். குணமானபின் வேறு நாட்களில் களா செய்யலாம். குணமாகும் நம்பிக்கை இல்லாத நோயில், ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்கு உணவு வீதம் ஃபித்யா கொடுக்கலாம். தன் நிலைக்கு எது பொருந்தும் என்று மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டு முடிவு செய்ய வேண்டும். அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பதும் இபாதத்தே.

நலம் விசாரிக்கப் போகிறவர்களுக்கு

நோயாளியைப் பார்க்கப் போவது நம்மீது ஒரு முஸ்லிமின் ஹக்கு. ஆனால் சங்கரன்கோவில் பிரியாணிப் பொட்டலத்தோடு போய், "ஒரு வாய் சாப்பிடுங்க மாமா, எனக்காக" என்று நெருக்காதீர்கள். நோயாளிகளை உண்ணும்படியும் குடிக்கும்படியும் கட்டாயப்படுத்த வேண்டாம் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் அறிவுரை திர்மிதியிலும் இப்னு மாஜாவிலும் இருக்கிறது. "என்ன மாமி இறங்குது, அதைச் செஞ்சு தாரேன்" என்று கேட்பதே பெரிய உதவி. இளநீர் இரண்டு, பார்லி ஒரு பாக்கெட், மிருதுவான பிரஷ் ஒன்று வாங்கிப் போனாலும் போதும். "ரொம்ப இளைச்சுட்டீங்களே" என்ற சொல்லை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போங்கள்.

உடனே மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள்

நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர்த் திட்டுப் போல் வெள்ளை படிந்தால், அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். மருந்து கொடுத்தால் விரைவில் ஆறும், ருசியும் கொஞ்சம் திரும்பும். தண்ணீர்கூட விழுங்க முடியாவிட்டால், சாப்பிடும்போதெல்லாம் புரையேறினால், வாயில் ரத்தம் வந்தால், சிறுநீர் மிகவும் குறைந்தால், ஒரு வாரத்தில் இரண்டு கிலோ எடை இறங்கினால் தாமதிக்கக் கூடாது. கீமோ நடக்கும் காலத்தில் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் இரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாரம் ஒருமுறை ஒரே தராசில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள்.

படுக்கையில் இருப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிக்கும் சிகிச்சைக்கு வீட்டுக்கே செவிலியர் வருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனையும் கேட்கலாம்.

வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்ள

1. நம் வீட்டு நோயாளிக்கு எந்த ருசி தெரிகிறது, எது தெரியவில்லை என்று கேட்டிருக்கிறோமா?
2. ஐந்து வக்துக்கும் கொப்பளிக்கும் தண்ணீரை எடுத்து வைப்பது யார் பொறுப்பு?
3. கழுத்துக் கதிருக்கு முன் பல் மருத்துவரைப் பார்த்தாயிற்றா?
4. நாம் கொடுக்கும் நாட்டு மருந்தை மருத்துவரிடம் சொல்லியிருக்கிறோமா?
5. நம் தெருவில் இப்படி ஒரு நோயாளி இருந்தால், இந்த வாரம் அவர் வீட்டுக்கு யார் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பது?

நோயுற்ற நம் சகோதர, சகோதரிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவையும், அவர்களைப் பராமரிப்பவர்களுக்குப் பொறுமையையும் நற்கூலியையும் தந்தருள்வானாக. ஆமீன்.